பூட்டும் சாவியும் மட்டும் போதுமா?

நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகடுகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்றை வைத்து எடுத்துப் பாருங்கள், எளிதாகப் பிரிந்துவிடும். இனி இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு சொட்டு நீர் விட்டு, அழுத்திவிட்டுப் பிரிக்க முயலுங்கள். பக்கவாட்டில் வழுக்கி நகர்த்தலாம். ஆனால் நேராக மேலே தூக்கிப் பிரிப்பது எளிதன்று. பரப்பு இழுவிசைப் பாடம் தொடங்கும் நாளில் ஆண்டுதோறும் நான் இதைச் செய்து காட்டுவது வழக்கம்.

சென்ற ஆண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்து, "சார், நம் உடம்புக்குள்ளும் இப்படிச் சின்னதாக ஏதாவது ஒன்று நடுவில் புகுந்து, இரண்டு பெரிய பொருள்களைச் சேர்த்துப் பிடிக்குமா?" என்று கேட்டாள். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன் நான். விலங்கியல் துறை நண்பரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். நண்பர் சொன்ன விடையும், அதன் பிறகு நானே தேடிப் படித்தவையும் என்னை வியப்பில் ஆழ்த்தின. நாம் மருந்துகளைப் பற்றிப் பாடம் சொல்லும் முறைமீது ஒரு குறையையும் மனத்தில் உண்டாக்கின. அந்தக் குறையைச் சொல்லவே இக்கட்டுரை.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நொதி என்பது பூட்டு. அதில் பொருந்தும் பொருள் சாவி. 1894ஆம் ஆண்டில் ஜெர்மன் வேதியியலறிஞர் எமில் ஃபிஷர் சொன்ன உவமை இது. மருந்து ஒரு போலிச் சாவி. துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். உண்மைச் சாவிக்கு இடமிராது. நொதியின் வேலை நிற்கும். ஆஸ்பிரின் அப்படித்தான் ஒரு நொதியை முடக்குகிறது. பெனிசிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் நொதியை முடக்குகிறது. இதில் தவறு எதுவுமில்லை. ஆனால் இது பாதிக் கதைதான். இந்தப் பாதியையே முழுக் கதையென்று நம்பிக் கைதேர்ந்த அறிஞர்கள்கூடச் சில காலம் வழிதவறியிருக்கிறார்கள். அந்த வரலாறு ஒரு பிடி மண்ணிலிருந்து தொடங்குகிறது.

பசிபிக் பெருங்கடலில், சிலி நாட்டுக்கு உரியதாக, தனித்துக் கிடக்கிறது ஈஸ்டர் தீவு. பெரிய கற்சிலைகளுக்குப் பெயர்போனது. தீவின் மக்கள் அதை ராப்பா நூயி என்பார்கள். 1964ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவிலிருந்து மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒன்று அங்கே சென்றது. தீவின் பல இடங்களிலிருந்தும் அக்குழு எடுத்துவந்த மண் மாதிரிகள் பின்னர் மான்ட்ரியால் நகரில் இருந்த ஏயர்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தை அடைந்தன. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர், பூஞ்சைகளைக் கொல்லும் பொருளொன்றைச் சுரப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். தீவின் பெயரையே சேர்த்து அதற்கு ராப்பாமைசின் என்று பெயரிட்டு, 1975இல் அறிவித்தனர். இந்த ஆராய்ச்சியில் முன்நின்றவர் சுரேந்திர நாத் சேகல். பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்து, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

பூஞ்சை மருந்தாக அதை விற்க வழியில்லாமல் போயிற்று. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலையே அது அடக்கியது. பூஞ்சை நோயாளிக்கு எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்தை யார் கொடுப்பார்கள்? 1983 வாக்கில் மான்ட்ரியால் ஆய்வுக்கூடம் மூடப்பட்டு, ராப்பாமைசின் ஆராய்ச்சியும் கைவிடப்பட்டது. சேகல் அந்த நுண்ணுயிரைத் தூக்கி எறியவில்லை. தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது கையோடு கொண்டுபோனார். அவர் வீட்டார் என்ன சொன்னார்களோ!

இதற்கிடையே 1984இல் ஜப்பானில், சுகுபா மலைப்பகுதி மண்ணில் வாழும் வேறொரு நுண்ணுயிரிலிருந்து எஃப்.கே.506 என்னும் பொருள் கிடைத்தது. அதுவும் நோய் எதிர்ப்பை அடக்கியது. சிறுநீரகம், ஈரல் போன்ற உறுப்புகளை மாற்றி வைக்கும்போது, புதிய உறுப்பை உடல் பகையாகக் கருதித் தாக்கும். அதைத் தடுக்க இத்தகைய மருந்து தேவை. ஆகவே ராப்பாமைசினுக்கும் மறுவாழ்வு கிடைத்தது. இரண்டின் மூலக்கூறு அமைப்பையும் ஒப்பிட்டால் ஒரு பாதி ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், மறுபாதி வேறு.

நம் செல்களில் எஃப்.கே.பி.12 என்ற சிறிய புரதம் ஒன்று உண்டு. இரண்டு மருந்துகளும் போய் அமர்வது இதன் குழியில்தான். இந்தப் புரதம் ஒரு நொதி என்று 1989இல் தெரியவந்தது. வேறு புரதங்கள் மடங்கும்போது சில பிணைப்புகளைத் திருப்பிவிட உதவுவது இதன் வேலை. உடனே என்ன நினைக்கத் தோன்றும்? நொதி பூட்டு, மருந்து போலிச் சாவி. பூட்டு அடைபட்டதால்தான் நோய் எதிர்ப்பு அடங்குகிறது. எவ்வளவு அழகான விளக்கம்!

அழகாக இருந்ததே தவிர, உண்மையாக இல்லை. இரண்டு மருந்துகளுமே அந்த நொதியை நன்றாக முடக்கின. ஆனால் எதிர்ப்புச் செல்லில் இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. எஃப்.கே.506 அச்செல் எழுப்பும் முதல் எச்சரிக்கையையே நிறுத்தியது. ராப்பாமைசினோ அதைக் கண்டுகொள்ளாமல் விட்டு, பிற்பாடு வரும் 'வளர்ந்து பெருகு' என்னும் ஆணையை நிறுத்தியது. போதாக்குறைக்கு, ஒன்றை மிகுதியாகச் சேர்த்தால் மற்றதன் விளைவு குறைந்தது. 1990இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஷ்ரைபரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு காரியம் செய்தனர். எஃப்.கே.506இல் குழிக்குள் பொருந்தும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு புதிய மூலக்கூறை உருவாக்கினார்கள். அது குழியில் கச்சிதமாக அமர்ந்தது. நொதியையும் முடக்கியது. நோய் எதிர்ப்புக்கோ ஒன்றும் ஆகவில்லை! பூட்டு அடைபட்ட பிறகும் வீட்டுக்குள் எல்லாம் வழக்கம்போல நடந்தது.

அப்படியானால் குழிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுபாதிதான் வேலை செய்கிறது. எதைப் பிடித்து? 1991இல் விடை வந்தது. எஃப்.கே.506ஐ ஏந்திய எஃப்.கே.பி.12, கால்சினியூரின் என்ற முற்றிலும் வேறான புரதத்தைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. ராப்பாமைசினை ஏந்திய அதே எஃப்.கே.பி.12, எம்-டார் என்னும் மாபெரும் புரதத்தைப் பற்றுகிறது. இது 1994இல் தெளிவாயிற்று. உணவு இருக்கிறது, வளரலாம் என்று செல்லுக்கு ஆணையிடும் மேலாளர் இந்த எம்-டார். 2549 அமினோ அமிலங்களால் ஆனது. எஃப்.கே.பி.12க்கோ நூற்றுச் சொச்சம்தான். மருந்து இல்லாத நிலையில் இந்தச் சிறியதற்கும் அந்தப் பெரியதற்கும் இப்படியொரு பிணைப்பே கிடையாது. மருந்து இரண்டையும் சேர்த்து வைக்கிறது. 1996இல் எக்ஸ் கதிர்ப் படிகமுறையில் எடுத்த அமைப்பைப் பார்த்தால், ராப்பாமைசின் ஒரு பக்கம் எஃப்.கே.பி.12இன் குழியிலும், மறுபக்கம் எம்-டாரின் ஒரு பள்ளத்திலும் ஒரே நேரத்தில் புதைந்திருக்கிறது. புரதங்கள் ஒன்றையொன்று நேராகத் தொடும் இடம் கொஞ்சம்தான். இத்தகைய மூலக்கூறுகளை இன்று 'மூலக்கூறுப் பசை' என்கிறார்கள்.

முடிவில் எம்-டாரின் வேலை தடைப்படுகிறதே, இதுவும் அடைக்கும் மருந்துதானே என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. தடை உண்டுதான். ஆனால் வழியை மறித்து நிற்பதில் பெரும்பங்கு, மருந்து கூட்டிவந்த புரதத்தினுடையது.

இனி என் துறைக்கு வருகிறேன். இந்தப் பசையின் வலு எவ்வளவு? 2005இல் வெளியான அளவீடு ஒன்று உள்ளது. ராப்பாமைசின் தனியாக எம்-டாரின் அந்தப் பகுதியைப் பற்றுவதைவிட, எஃப்.கே.பி.12உடன் சேர்ந்து பற்றும்போது வலு சுமார் 2000 மடங்கு கூடுகிறது. எஃப்.கே.பி.12 மட்டும் தனியாகப் பற்றுவதை அளக்கவே முடியவில்லை. 2000 மடங்கு என்றதும் இடையே ஏதோ பெரிய ஆற்றல் செலவாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பற்றும் வலு 10 மடங்கு கூட வேண்டுமானால், உடல் வெப்பநிலையில் மோலுக்கு ஏறத்தாழ 6 கிலோஜூல் போதும். மீண்டும் ஒரு 6 கிலோஜூல் சேர்ந்தால் 100 மடங்கு. இன்னும் ஒரு 6 சேர்ந்தால் 1000 மடங்கு. ஆற்றல் கூட்டல் கணக்கில் ஏறும்போது வலு பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. ஆகவே 2000 மடங்குக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல். இரண்டு கார்பன் அணுக்களைச் சேர்க்கும் சாதாரணப் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புரதங்களும் மருந்தும் இங்கே வேதிவினை புரிந்து ஒன்றாகிவிடுவதில்லை. இங்கே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு; அங்கே நீரை வெறுக்கும் இரண்டு பரப்புகள் நீரை வெளியேற்றிவிட்டு நெருங்குவது; அணுக்கள் ஒன்றையொன்று உரசும் தூரத்தில் எழும் வான் டெர் வால்ஸ் விசை. எல்லாம் சில்லறைதான். பரப்புகள் சரியாகப் பொருந்தினால் சில்லறை சேர்ந்து பெருந்தொகையாகிறது. கண்ணாடித் தகட்டு நீருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இதில்தான். நீர்ச் சொட்டு எந்தக் கண்ணாடியையும் எந்தக் கண்ணாடியோடும் ஒட்டும். மூலக்கூறுப் பசை தனக்கேற்ற மேடுபள்ளம் உள்ள பரப்புகளை மட்டுமே சேர்க்கும். என் உவமை அந்த அளவில் குறைபாடு உள்ளது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரியான பரப்பு என்று சொன்னேன். தவறான ஒன்றும் வந்து பொருந்திவிட்டால்? இங்கேதான் தாலிடோமைடின் துயரக் கதை வருகிறது.

1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளும் குமட்டலுக்கும் தூக்கமின்மைக்கும் உட்கொண்டனர். எலிகளுக்கு மிக அதிகமாகக் கொடுத்தும் அவை சாகவில்லை. ஆகவே பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் குறுகிய கைகால்களோடும் பிற குறைகளோடும் பிறந்துவிட்டன. பலர் பிழைக்கவில்லை. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார், சான்றுகள் போதா என்று அனுமதி தர மறுத்ததால் அந்நாடு பெருமளவு தப்பியது.

இத்தனை கொடுமைக்கும் காரணமான மூலக்கூறு எங்கே போய்ப் பிடிக்கிறது என்பதே 2010 வரை தெரியாது. அந்த ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் செரிப்ளான் என்ற புரதத்தை அடையாளம் காட்டினார்கள். செல்லின் குப்பை அகற்றும் துறையில் செரிப்ளானுக்கு ஒரு பதவி உண்டு. எந்தப் புரதத்தை அழிக்கவேண்டுமோ அதன்மீது யுபிக்விட்டின் என்னும் அடையாளச் சீட்டை மாட்டும் குழுவில் அதுவும் ஓர் உறுப்பு. தாலிடோமைடு செரிப்ளானின் குழியில் அமர்ந்து ஒரு முனையை வெளியே நீட்டுகிறது. அந்த முனையும் செரிப்ளானின் மேற்பரப்பும் சேர்ந்து, முன்பு இல்லாத ஒரு புதிய பரப்பு உண்டாகிறது. அதில் பொருந்தும் புரதம் எதுவானாலும் வந்து ஒட்டிக்கொள்ளும்; சீட்டு மாட்டப்பட்டு அழிந்துபோகும்.

யார் வந்து ஒட்டுகிறார்கள் என்பதில்தான் நன்மையும் தீமையும். எலும்பு மச்சையில் வரும் மயலோமா என்னும் புற்றுநோய்ச் செல்கள் உயிர்வாழ இன்றியமையாத இரண்டு புரதங்கள் இப்படி அழிகின்றன என்று 2014இல் தெரிந்தது. தாலிடோமைடும் அதன் வழிவந்த மருந்துகளும் இன்று அந்நோய்க்குத் தரப்படுவதன் காரணம் அதுவே. தொழுநோயில் தோன்றும் ஒருவகை வலிமிகுந்த புண்களுக்கும், கடுமையான கட்டுப்பாடுகளுடன், அது தரப்படுகிறது. 2018இல் மற்றொரு புரதத்தின் பெயர் வெளிவந்தது: சால்-4. கருவில் கைகால்கள் உருவாவதற்கு வேண்டிய புரதம். பிறவியிலேயே சால்-4 மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கும் தாலிடோமைடு குழந்தைகளுக்கு நேர்ந்தவற்றைப் போன்ற குறைகள் காணப்படுகின்றன.

எலிகள் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அன்று கருவுற்ற விலங்குகளில் போதிய சோதனை செய்யாதது முதற்குற்றம். ஆனால் செய்திருந்தாலும் எலியை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்பார்கள். பின்னாளில் முயலிலும் குரங்கிலும் வெளிப்பட்ட ஊனம், எலிகளில் எளிதில் வெளிப்படவில்லை. மனிதச் செரிப்ளானில் 388ஆவது இடத்தில் இருப்பது வேலின் என்னும் அமினோ அமிலம். சுண்டெலியின் செரிப்ளானில் அதற்கு நேரான இடத்தில் ஐசோலூசின். இரண்டுக்கும் வேறுபாடு ஒரு கார்பன் அணு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான். அந்தச் சிறு புடைப்பு இடையில் முட்டுவதால் புதிய விருந்தாளி நெருங்க முடிவதில்லை. அந்த ஓர் இடத்தை மனிதருக்குரியதாக மாற்றியமைத்தால், சுண்டெலியின் செரிப்ளானும் மருந்தோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்குகிறது. சுண்டெலியின் சால்-4இலும் சிறு வேறுபாடுகள் உண்டு. மூன்று அணுக்களின் வேறுபாடு சோதனையையே பொய்யாக்கக்கூடும் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உடல் நடுங்குகிறது.

பசை என்பது மருந்துக் கம்பெனிக்காரர்களின் தந்திரமும் அன்று. செடி ஒளியை நோக்கி வளையக் காரணமான ஆக்சின் பற்றி நீங்கள் படித்திருக்கிறீர்கள். அதுவும் இரண்டு புரதங்களுக்கிடையே பசையாக அமர்ந்தே வேலை செய்கிறது என்று 2007இல் கண்டார்கள். இனி, ஏற்கெனவே சேர்ந்திருப்பவை பிரியாமல் காக்கும் மருந்தும் உண்டு. நம் இரத்தத்தில் உள்ள டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் நான்கு துண்டுகள் கூடியது. சிலருக்கு அது துண்டு துண்டாகப் பிரிந்து, உருமாறி, நரம்பிலும் இதயத்திலும் படிந்துவிடும். டஃபாமிடிஸ் என்னும் மருந்து துண்டுகளின் இடைவெளியில் அமர்ந்து நான்கையும் கட்டிவைக்கிறது. 2011இல் ஐரோப்பாவிலும், இதயத்தைத் தாக்கும் வகைக்கு 2019இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இங்கே அடைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் குறை இதுதான். நான் புரட்டிப் பார்த்த பள்ளி நூல்களில் பூட்டும் சாவியும் படத்தோடு இருக்கின்றன. ஒட்டும் மருந்துக்கு ஒரு வரிகூட இல்லை. இது ஏதோ ஒரு தகவல் விட்டுப்போன குறையாக எனக்குத் தோன்றவில்லை. மருந்து எதைப் பிடிக்கிறது என்று மட்டும் கேட்கப் பழகியவன், பிடித்தபின் அது வேறு யாரைக் கூட்டிவருகிறது என்று கேட்கமாட்டான். ஒரு புரதத்தைத் தனியே குழாயிலிட்டுச் சோதித்தால் பசையின் நன்மையும் தெரியாது, தீமையும் தெரியாது. ராப்பாமைசினைச் சரியாகப் புரிந்துகொள்ள ஆண்டுக்கணக்கில் பிடித்தது; தாலிடோமைடுக்கோ அரை நூற்றாண்டு. இன்று பல ஆய்வுக்கூடங்கள் பசை மருந்துகளைத் தேடுகின்றன. மகிழ்ச்சிதான். எதை ஒட்டவேண்டும் என்று தேடும் அதே அக்கறையோடு, எதை ஒட்டிவிடக்கூடாது என்றும் மனிதப் புரதங்களை வைத்தே தேடவேண்டும் என்பது என் கருத்து. பின்னது லாபம் தராத வேலை. அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. மேல்நிலை வகுப்பில் கணிதப் பிரிவை எடுத்து உயிரியலை உதறியவர்களும், உயிரியலை எடுத்துக் கணக்கைக் கண்டு ஓடியவர்களும் என் வகுப்பு வாசலில் நாள்தோறும் எதிர்ப்படுகிறார்கள். முதற்பிரிவினருள் நானும் ஒருவன். இந்த 20 கிலோஜூல் கணக்கு இரு சாராருக்கும் பொதுவான சொத்து.

கண்ணாடித் தகட்டுக் கேள்வி கேட்ட மாணவியிடம் இவ்வளவையும் சொன்னேன். அவள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள்: "எந்த மூலக்கூறு எந்த இரண்டு புரதங்களை ஒட்டும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிட முடியாதா, சார்?" கணினியில் முயல்கிறார்கள் என்றேன். ஓரளவு முடிகிறது. ஆனால் கணக்கில் 6 கிலோஜூல் பிழை நேர்ந்தால் விடை 10 மடங்கு தவறிப்போகும். சில கிலோஜூல் பிழை இத்தகைய கணக்குகளில் இன்றும் சாதாரணம். புரதமோ கல்லைப்போல் அசையாமல் இருப்பதில்லை, நெளிந்துகொண்டே இருப்பது. சுற்றிலும் உள்ள ஆயிரக்கணக்கான நீர் மூலக்கூறுகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, விலங்கியல் நண்பரிடம் புரதங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை என்று நண்பர் சொல்கிறார்.